வசந்தா தைத்த ஏரி

ஊசி பிடித்திருக்கும் பெண்ணிடம் கேள்வி கேட்காதீர்கள். கேட்டால் நிமிர்ந்து பார்ப்பாள். நிமிர்ந்தால் உங்கள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை கண்ணில் படும். உடனே அவள் வாயில் மேடைப் பேச்சு வந்து உட்கார்ந்துகொள்ளும். குனிந்தே இருக்கட்டும், விடுங்கள். நூல் ஓடும்போது பேச்சும் ஓடும், சில சமயம் நூலையும் முந்திக்கொண்டு.

இந்த மாதத்தோடு நான் விலகுகிறேன். திண்டிவனம் அலுவலகத்தில் என் மேசைக்கு உங்களில் ஒருத்தி வரப்போகிறாள். பழைய புடவைகளை எப்படி அடுக்குவது, குரலை எப்படிப் பதிவு செய்வது என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு கட்டத்தைப் பற்றி. முழத்துக்கு முழம் இருக்கும் ஒரு துணிக் கட்டம்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். ஊரை ஏதோ ஒரு விதத்தில் நடத்திக் காட்டிய பெண்களைக் கூட்டி உட்கார வைக்கிறோம். அவர்கள் கதை சொல்கிறார்கள். அவர்கள் கட்டிப் பழசான புடவைகளிலிருந்தே துண்டுகளை எடுத்து, கதைக்கு ஒரு கட்டமாகத் தைத்து, கட்டங்களை இணைத்துப் பெரிய போர்வையாக்குகிறோம். அந்தப் போர்வை ஊர் ஊராகப் போகிறது. இதில் நமக்கு ஒரு வழக்கம் உண்டு. கதை சொன்னவள் தன் கதையைத் தைக்க மாட்டாள். அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவள் தைப்பாள். தன் கதையைத் தானே தைத்தால் ஒருத்தி தன்னைக் கோபுரமாக்குவாள், இன்னொருத்தி வெட்கப்பட்டுக் கடுகாக்குவாள். பக்கத்தில் இருப்பவள் தைத்தால், அவள் காது கொடுத்துக் கேட்டாளா இல்லையா என்பதைத் துணியே சொல்லிவிடும்.

வளவனூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். பெயர் வேண்டாம். கரும்பு, நெல், நடுவில் ஏரி. மகளிர் குழுக் கட்டடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். வறுத்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், ஒரு முறத்தில் சுற்றி வந்துகொண்டிருந்தது. மூன்று பேரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருத்தி ஜைனம்பு. கோட்டக்குப்பத்திலிருந்து பஸ் மாறி வந்து தையல் சொல்லித் தருபவள். தெருப் பெண்பிள்ளைகள் காலேஜுக்குப் போக வேன் வேண்டுமென்று ஜமாத்தில் நின்று வாதாடி வாங்கியவள். கணவர் குவைத்தில். "அவரு அங்க ஒட்டகம் மேய்க்கிறாரு, நான் இங்க உங்கள மேய்க்கிறேன்" என்பாள். கணவர் அங்கே ஏசி மெக்கானிக்.

அவளுக்கு வலப்பக்கம் அஞ்சலை, ஊராட்சித் தலைவர், காலனியைச் சேர்ந்தவள். பொறுப்புக்கு வந்த புதிதில் ஒரு புயல் மழையில் ஏரி ததும்பி, கரை எந்த நேரமும் காலனிப் பக்கம் உடையும் என்றிருந்தபோது, சனங்களை எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனவள். ஆனால் கரை மேற்கே, கழனிப் பக்கம் உடைந்தது. தண்ணீர் நெல்லின் மேல் போனது. காலனி தப்பியது. அம்மன் புண்ணியத்தில் தானாக உடைந்தது என்று அஞ்சலை சொல்லியிருந்தாள். ஊரும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்றாமவள் வசந்தா. மூழ்கிய கழனி அவளுடையது. பால் சங்கத்தை நடத்துபவள். கறவைக்காரர்களை ஏமாற்றிய அளவுக்குவளையைச் சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் காலால் நசுக்கியவள். அன்றைக்குத் தாமதமாக வந்தாள். காலியாக இருந்த ஒரே இடம் அஞ்சலைக்கு வலப்பக்கம்.

நம் அலுவலகத்துப் பெண் என் காதில் கிசுகிசுத்தாள். "அக்கா, மாத்தி உட்கார வெச்சிடலாமா? ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல."

வேண்டாமென்றேன். எல்லார் முன்னாலும் ஒருத்தியை எழுப்பி இடம் மாற்றினால், இல்லாத சண்டையைக்கூட நாமே ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி. இங்கேயோ சண்டை இருந்தது.

அப்போது நம் அலுவலகத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. நல்ல எண்ணத்தில் வந்த வழக்கம்தான். படம் வரைந்து பழகாத பெண்கள் பயப்படக் கூடாதென்று, கதையை முன்கூட்டியே போனில் கேட்டு, திண்டிவனத்திலேயே பென்சிலில் கோடு போட்டுத் துணியை அனுப்பிவிடுவோம். கோட்டின் மேல் தைத்தால் போதும். அஞ்சலையின் கட்டத்தில் ஏரிக்கரை இருந்தது. கரைமேல் கையை உயர்த்தி நிற்கும் பெண் இருந்தாள். ஒரு பக்கம் நனையாத வீடுகள். இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை, வெறுந்துணி.

வசந்தா அந்தத் துணியை மடியில் போட்டு நீவினாள். பிறகு வெறும் பாதியில் உள்ளங்கையை வைத்தாள்.

"இந்தாண்ட இன்னா?"

"அது காலியா விட்டிருக்கோம்க்கா" என்றாள் நம் பெண். "பார்வைக்கு எடுப்பா இருக்கும்னு."

"காலியா? அங்க என் கழனி இருக்குதும்மா."

பாயில் இருந்த ஊசிகளெல்லாம் நின்றன.

"கதிரு வாங்கி நின்ன நெல்லு. தலைவரம்மா கையத் தூக்கிக்கினு நிக்கிறாங்க, நல்லாத்தான் நிக்கிறாங்க, சினிமா போஸ்டராட்டம். தண்ணி எங்க போச்சுன்னு போடாத உட்டுட்டீங்களே."

ஜைனம்பு புகுந்தாள். "படத்துல இல்லன்னா நீ போட்டுக்க வசந்தா. பென்சிலு கோடு இன்னா கல்வெட்டா? ஜல்தி ஊசியக் கோரு, பேஜாரு பண்ணாத."

"போடத்தான் போறேன். ஆனா எப்படிப் போடறது? அதச் சொல்லுங்க." வசந்தா தன் பையிலிருந்து ஒரு பச்சைப் புடவையை எடுத்தாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் கட்டி, முந்தானை ஓரம் வெளுத்துப்போன புடவை. "இதுதான் நெல்லு. கரைய எங்கியோ ஒரு எடத்துல பொளக்கணும் இல்ல? தானா ஒடைஞ்ச கரைன்னா துணியக் கையால கிழிக்கணும், ஓரம் நூல் நூலா தொங்கும். வெட்டி உட்ட கரைன்னா கத்தரி போடணும், நேரா வரும். நான் எத செய்ய?"

அவள் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. புடவையைப் பார்த்துக் கேட்டாள்.

அஞ்சலை ஜைனம்புவின் வேனுக்குச் சக்கரம் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியைத் துணியிலேயே குத்தி நிறுத்தினாள். அவள் முழங்காலருகே கத்தரி கிடந்தது. கத்தரியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்று நம் பக்கத்தில் யாரும் கையில் கொடுப்பதில்லை, கீழே வைத்துத் தள்ளுவார்கள். அஞ்சலை அதைப் பாயின் மேலேயே வசந்தாவின் பக்கம் தள்ளினாள்.

கத்தரி நகர்ந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"கத்தரி போடுங்க வசந்தாம்மா" என்றாள் குனிந்தபடியே. "வெட்டச் சொன்னது நான்தான். மண்ணு மூட்ட போட வந்திருந்த ஜேசிபிய மேற்கால இட்டுக்கினு போயி நான்தான் வெட்டச் சொன்னேன்."

என் போன் பாய் நடுவில் பதிவு செய்துகொண்டிருந்தது. திரையில் சிவப்புப் புள்ளி. காலனிப் பெண்கள் ஒரு பக்கம், ஊர்த் தெருப் பெண்கள் ஒரு பக்கம், நடுவில் அந்தப் புள்ளி. ஏரிக்கரையை வெட்டுவது தலைவர் பதவியையே காவு கேட்கக்கூடிய காரியம். அதைவிட, காலனியைக் காப்பாற்ற எங்கள் கழனியை மூழ்கடித்துவிட்டாள் என்று நாலு ஆண்கள் கிளம்பினால் போதும், அப்புறம் எரிவது துணியாக இருக்காது. அஞ்சலை ஏன் அம்மன் பெயரைச் சொல்லி மறைத்தாள் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் நமக்கு எதையாவது செய்யக் கை துடிக்கும். சமாதானம் சொல்லத் தோன்றும், டீ வரவழைக்கத் தோன்றும், இன்றைக்குப் போதும் என்று பாயைச் சுருட்டத் தோன்றும். பாயைச் சுருட்டியிருந்தால் அந்தச் சேதி ஒவ்வொருத்தி வாயிலும் ஒவ்வொரு விதமாக வீடு போய்ச் சேர்ந்திருக்கும். நான் போனை எடுத்தேன். பதிவை நிறுத்தி, எல்லாரும் பார்க்க அதுவரை பதிந்ததை அழித்தேன். பிறகு கேட்டேன். ஆமாம், கேள்விதான் கேட்டேன். கேட்கவே கூடாதென்று சற்று முன் சொன்னவள்தான் நான்.

"இப்ப கேட்டது யாருடைய கதை?"

"சொன்னவளோடது" என்றாள் ஜைனம்பு உடனே. "அவ சொல்லாம வெளிய போவக் கூடாது. போச்சுன்னா நான் இந்த ஊருக்கு பஸ்சு ஏற மாட்டேன், உங்க ஜாக்கெட்ட நீங்களே தைச்சிக்கிங்க."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். மூச்சு விட இடம் கிடைத்தது.

"பாதி என்னோடது" என்றாள் வசந்தா.

அத்தனை நாள் இந்த வேலையில் நான் எத்தனையோ தலைவிகளின் கதையைக் கேட்டிருக்கிறேன். தலைவி எடுத்த முடிவு யார் கழனியில் போய் விழுந்ததோ அவளுக்கும் அந்தக் கதையில் பங்கு உண்டென்று என்னிடம் யாரும் இவ்வளவு சின்ன வாக்கியத்தில் சொன்னதில்லை. சரி, பாதி உங்களுடையது என்றேன். இரண்டு பேரும் சரி என்றால்தான் இது வெளியே போகும், அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்றேன். வசந்தா கட்டத்தையும் பச்சைப் புடவையையும் கத்தரியையும் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அவள் நினைத்தால் அன்று சாயங்காலமே ஊரைக் கூட்டியிருக்கலாம். அந்த வாரம் முழுக்க நான் பயந்துகொண்டே இருந்தேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் யாராவது உரக்கப் பேசினால்கூடத் திரும்பிப் பார்த்தேன். அலுவலகத்திலிருந்து போன் வந்தது. திண்டிவனத்தில் கண்காட்சிக்கு மண்டபம் பேசியாகிவிட்டது, அந்தக் கட்டத்தை வேறு யாரையாவது வைத்துப் பென்சில் கோட்டின் மேலேயே தைத்து முடித்துவிடுங்கள் என்றார்கள். தைத்திருக்கலாம். அழகாகவும் இருந்திருக்கும். கை தூக்கிய பெண்ணைப் பார்த்து எல்லாரும் கை தட்டியிருப்பார்கள். அந்தக் கட்டம் வரும்போது வரட்டும், போர்வை காத்திருக்கும் என்றேன். என் மேல் வருத்தப்பட்டார்கள். வருத்தப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு காலையில் வசந்தா கூப்பிட்டாள். "ஏரிக்கரைக்கு வர்றீங்களா? தலைவரம்மாவையும் வரச் சொல்லுங்க. நான் கூப்ட்டா வர மாட்டாங்க."

"நீங்க கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல."

"கூப்பிட்டுப் பாருங்களேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது கரைமேல் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள், நடுவில் ஒரு மாடு மேயும் தூரம் விட்டு.

வசந்தா கேட்க வந்தது தையல் சந்தேகம். வெட்டு எந்த இடத்தில் என்று தெரியாமல் தைக்க முடியவில்லையாம். உபரி நீர் வழியும் கலங்கலுக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா? அஞ்சலை நடந்துபோய்க் காட்டினாள். புது மண் போட்டு அடைத்த இடம் வேறு நிறத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் நேர் கீழே வசந்தாவின் கழனி. மறுபடி நட்டுப் பச்சை கட்டியிருந்தது.

"இங்கருந்து இவ்ளோ கிட்டக்கவா தெரியுது?" என்றாள் வசந்தா.

"தெரியும். வெட்டறப்பவும் தெரிஞ்சிது. விடிஞ்சிக்கினு இருந்துச்சு. கதிரு தலை சாய்ச்சிக்கினு நின்னுது. பாத்துட்டுத்தான் வெட்டச் சொன்னேன்."

இதை மறைத்திருக்கலாம். இருட்டு, மழை, ஒன்றும் தெரியவில்லை என்றிருக்கலாம்.

வசந்தா கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நெல்லு போனா போவுது. இன்னொரு போகம் வரும். ஜேசிபிக்காரனக் கூப்புட எங்க வூட்டுத் தெருவாலதான போன? எங்க வாசலத் தாண்டித்தான போன? ஒரு கொரலு குடுத்திருக்கலாம் இல்ல?"

"குடுத்திருந்தா வெட்ட உட்டிருப்பியா?"

அந்த 'உட்டிருப்பியா' தவறி வந்துவிட்டது. அஞ்சலை அதுவரை அவளை 'வாங்க போங்க' என்றுதான் பேசியிருக்கிறாள். இரண்டு பேருமே அதைக் கவனித்தார்கள்.

"உட்டிருக்க மாட்டேன்" என்றாள் வசந்தா. "சண்ட போட்டிருப்பேன். உன் முடியப் புடிச்சிருப்பேன். கடைசில நீ வெட்டித்தான் இருப்ப. ஆனா எனுக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல? என் கழனி முழுவப் போவுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த. நான் காலைல எழுந்து போயி பாத்தேன் அஞ்சலை. கழனியே இல்ல. ஏரிதான் இருந்துச்சு."

அஞ்சலை அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்டாளா என்றால், கேட்கவில்லை. "பயந்துட்டேன்" என்றாள். "காலனில இன்னும் கொழந்தைங்க இருந்துச்சு. உன் கதவத் தட்டுனா நாலு பேரு எழுந்து வந்து தடுப்பாங்கன்னு பயந்துட்டேன். மழைக்கி அப்புறம் சொல்லணும்னு நெனைக்கிறது, உன் மூஞ்சப் பாத்தா வேற தெருவால போயிடுவேன்."

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. செருப்பில் ஒட்டிய களிமண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தேன். சில நேரம் நம் வேலை அவ்வளவுதான். அதைச் செய்ய மிகவும் பொறுமை வேண்டும். எனக்கு அது இயல்பில் கிடையாது.

கிராம சபைக்கு முந்தின நாள் கட்டம் வந்தது. பென்சில் கோட்டை வசந்தா மதிக்கவேயில்லை. கை தூக்கிய பெண்ணின் கையை இறக்கியிருந்தாள். இடப்பக்கம் காலனி வீடுகள், வலப்பக்கம் பச்சைப் புடவையில் நெல். நடுவில் கரை, வெட்டிய அன்றைக்கு அஞ்சலை கட்டியிருந்த செம்மண் கறை போகாத புடவையிலிருந்து. கரையில் கத்தரி வெட்டிய நேரான ஓரம். அதைச் சுற்றி நெருக்கமாக, பிரிந்துவிடாத மாதிரி ஓட்டுத்தையல். தண்ணீர் அந்த வெட்டு வழியாக நெல்லின் மேல் இறங்கியது. வெட்டுக்கு நேர் கீழே நெல்லுக்குள் இன்னொரு பெண். அஞ்சலை எவ்வளவு உயரமோ அவளும் அவ்வளவு உயரம்.

போர்வையைக் கிராம சபையில் மாட்டலாமா என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். வசந்தா, "அவ சொல்லட்டும்" என்றாள். அஞ்சலை வெகுநேரம் கட்டத்தை மடியில் வைத்திருந்தாள். "மாட்டுங்க. நானே சொல்லிடறேன். துணி சொல்லி ஊரு தெரிஞ்சிக்கக் கூடாது."

சொன்னாள். பள்ளிக்கூட மரத்தடியில், அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எழுந்து நின்று சொன்னாள். "ஏரி தானா ஒடையல. வெட்டச் சொன்னது நான். எந்தக் கழனி போவும்னு தெரிஞ்சேதான் சொன்னேன். கழனிக்காரங்ககிட்ட சொல்லாம செஞ்சது என் தப்பு. வெட்டுனது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்."

எதிர்பார்த்தது நடந்தது. நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன. வசந்தாவின் பங்காளி ஒருவன் விரலை நீட்டிக்கொண்டு முன்னே வந்தான். "அவங்க தெருவக் காப்பாத்த நம்ம நெல்ல முழுக்கடிச்சிருக்கா. கேக்கறதுக்கு ஆளில்லன்னு நெனச்சியா?"

"கேக்கறதுக்கு ஆளு இருக்குது" என்று வசந்தா எழுந்தாள். "போனது என் நெல்லு. நீ ஏன் குதிக்கிற? உன் கழனி மேட்டுல இருக்குது, உனுக்கு ஒரு பொட்டுத் தண்ணி வந்துச்சா? ஒக்காரு."

"அக்கா, நான் உனுக்காகத்தான்..."

"எனுக்காக நான் பேசறேன். நீ ஒக்காரு."

உட்கார்ந்தான். எல்லாரும் உட்காரவில்லை. சிலர் எழுந்து போனார்கள், போனவர்கள் திரும்பி வரவில்லை. அதிகாரி எதையோ எழுத ஆரம்பித்து நிறுத்தினார். வசந்தா இரண்டு தீர்மானம் கேட்டாள். மழைக்கு முன்னால் கலங்கல் வாய்க்காலைத் தூர் வார வேண்டும். இனி கரையில் கை வைக்க வேண்டி வந்தால், அந்தப் பக்கம் கழனி வைத்திருப்பவர்களின் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும், எவ்வளவு மழையானாலும். இரண்டும் நிறைவேறின. இரண்டாவதற்கு முதலில் கை தூக்கியது அஞ்சலை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் என்னை நம்பாதீர்கள். அஞ்சலையிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அடுத்த தேர்தலில் அவள் ஜெயிப்பாளா என்பது எனக்குத் தெரியாது. அவள் நிற்பாள் என்று மட்டும் தெரியும். பென்சில் கோடு போட்டு அனுப்பும் வழக்கத்தை நாம் விட்டுவிட்டோம். போர்வை தாமதமாகத்தான் திண்டிவனம் போனது. கண்காட்சியில் அந்தக் கட்டத்தின் முன்னால் நின்றவர்கள் கை தட்டவில்லை. ரொம்ப நேரம் நின்றார்கள். ஒரு கல்லூரிப் பெண், "இதுல யாருக்கா தலைவி?" என்று கேட்டாள். உன் பக்கத்தில் நிற்பவர்களிடம் கேள் என்றேன். அவர்களுக்குள் அரைமணி நேரம் வாதம் நடந்தது.

போன வாரம் மழை பிடித்துக்கொண்டதே, திண்டிவனத்தில் நம் அலுவலக வாசலிலேயே கணுக்கால் தண்ணீர். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானம் அஞ்சலைக்குப் போன் போட்டேன். எடுத்தது வசந்தா.

"தலைவரு பேச முடியாதுங்க, கரை மேல இருக்கோம். காலைலயே வந்து கதவத் தட்டிட்டா. இல்லல்ல, வெட்டற அளவுக்கு இல்ல. வாய்க்காலு வாருனதுல தண்ணி நல்லா போயிக்கினு இருக்குது. மதகத் தெறக்கலாமான்னுதான் பேச்சு."

பின்னால் அஞ்சலையின் குரல் காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது. "கெழக்கு மதகத் தெறக்கலாம் வசந்தா!"

"கெழக்கா? உனுக்கு இன்னா பைத்தியமா? அங்க சுப்பராயன் கேப்பை வெச்சிருக்கான். அவங்கிட்ட சொன்னியா?"

"சொல்லத்தான் ஆளு அனுப்பிருக்கேன்!"

"ஆள அனுப்புனா ஆச்சா? நீ போனியா?"

"நான் இங்க நிக்கறதா, அங்க போறதா?"

"நீ போ. நான் நிக்கிறேன். போ, ஜல்தி."

போன் கையில் இருப்பதை அவள் மறந்துவிட்டாள். மழையும் இரண்டு பேரின் சண்டையும் காதில் விழுந்துகொண்டேயிருந்தன. நான் துண்டிக்காமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.